மட்ரிட் நகரின் அடுப்படி

ஸ்பெயின் நாட்டின் தலைநகராகிய மட்ரிட்டுக்கு மூன்று நான்கு நாட் பயணமாகச் செல்லும் ஒருவர் தம்முடன் ஒரு பட்டியலையும் கொண்டு செல்வது இக்காலத்து வழக்கம். காணவேண்டிய அரண்மனைகள், ஓவியக்கூடங்கள் ஆகியவற்றின் கீழே, உண்ண வேண்டியவை, பருக வேண்டியவை எனப் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் அதிலே நிரல்பட எழுதப்பட்டிருக்கும். அவை யாவும் சுவை மிக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு பண்டத்தை முதலிற் சமைத்தவர் யார், அது எவ்வழியால் இந்த மேசைக்கு வந்தது, சமைத்தவர் பின்னர் எங்கே போயினர் என்னும் வினாக்களுக்கு அப்பட்டியலில் இடமிருப்பதில்லை.

இவ்வினாக்களை எந்த நாட்டு உணவைப் பற்றியும் எழுப்பலாம். ஸ்பெயினிலோ அவை தனிக் கனம் பெறுகின்றன. 1478 ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டு 1834 ஆம் ஆண்டிலேயே முற்றாக ஒழிக்கப்பட்ட சமய விசாரணை மன்று, ஒருவர் எதை உண்டார், எதை உண்ண மறுத்தார், எதனிற் பொரித்தார் என்பவற்றையெல்லாம் சாட்சியமாக ஏற்றுப் பதிவு செய்த நாடு அது. அடுப்பிலிருந்து எழும் மணமே ஒரு குடும்பத்தைச் சிறைக்கு அனுப்பக்கூடியதாயிருந்த காலம் அங்கு இருந்தது. ஆகவே, மட்ரிட்டின் உணவு மேசையை ஊன்றி நோக்குபவர், அந்நாடு யாரைத் தம்மவர் என்றது, யாரைப் புறத்தார் என்றது என்பதையும் உடன் நோக்க வேண்டியவராகின்றார்.

நகரமும் நேரமும்

இரண்டாம் பிலிப் மன்னன் 1561 ஆம் ஆண்டிலே தன் அரசவையை மட்ரிட்டுக்கு மாற்றியபோது, அது மேட்டுநிலத்திற் கிடந்த நடுத்தர ஊராகவே இருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீற்றர் உயரம். அண்மைக் கடற்கரையோ 300 கிலோமீற்றர் தொலைவு. அரசவை வந்த பின்னர் அதனைச் சார்ந்து வாழ்வோரும் வந்தனர். கலீசியாவிலிருந்து சுமைகாரர், அஸ்தூரியாசிலிருந்து பணிப்பெண்கள், அந்தலூசியாவிலிருந்து வணிகர், கஸ்தீலியாவின் வறண்ட ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடிய உழவர் எனப் பலரும் தத்தம் ஊர்ச் சமையலோடு வந்து குடியேறினர். இதனால், மட்ரிட்டின் ஒரு தெருவில் நடப்பவர் ஸ்பெயின் முழுவதன் அடுப்படிகளையும் கடந்து செல்கின்றார் எனலாம்.

புதிதாகச் செல்வோரை முதலில் மயங்க வைப்பது உணவு வேளையாகும். மதிய உணவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில். இரவுணவு ஒன்பது, பத்து மணிக்கு. இதனைச் சோம்பலென்று எண்ணுவோர் உளர். உண்மை வேறு. 1940 ஆம் ஆண்டு ஜெனரல் பிராங்கோவின் அரசு நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்தள்ளி ஜேர்மனியின் நேரத்தோடு ஒன்றாக்கியது. போர் முடிந்த பின்னரும் அது திருப்பி வைக்கப்படவில்லை. ஆதலின் மட்ரிட்டிலே கோடைகாலத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் இரண்டே காலைக் காட்டும். அம்மக்கள் சூரியனை நம்பி உண்கின்றனர். ஆணையிட்டு மாற்றக்கூடியது கடிகாரம் ஒன்றுதான்.

காலைக் கிண்ணம்

நகர நடுவிலுள்ள 'புவேர்த்தா தெல் சோல்' என்னும் முற்றத்துக்கு அண்மையில், ஒடுங்கிய சந்து ஒன்றில், 1894 ஆம் ஆண்டு தொடங்கிய 'சன் ஹினெஸ்' சொக்கலேற்றுக் கடை உள்ளது. இரவெல்லாம் களித்துத் திரிந்தோரும் விடிந்ததும் வேலைக்குச் செல்வோரும் ஒரே மேசையில் அமரும் இடம் அது. அங்கு உண்ணப்படுவது 'சுரோஸ்'. கோதுமை மாவைக் கொதிநீரிற் குழைத்து, நம் முறுக்குரலை ஒத்த கருவியிலே பிழிந்து, எண்ணெயிற் பொரித்தெடுப்பர். அதனைக் குடிக்கும் பானமென்று சொல்லவியலாத அளவு தடித்த சூடான சொக்கலேற்றில் தோய்த்து உண்பர்.

இந்த ஒரு கிண்ணத்தினுள்ளே மூன்று கண்டங்கள் அடங்கியுள்ளன. கொக்கோ மெக்சிக்கோவினது. 1521 ஆம் ஆண்டு அஸ்தெக்கரின் தலைநகரை வீழ்த்திய ஸ்பானியர், அம்மக்கள் மிளகாயும் நறுமணப் பூக்களும் சேர்த்துக் கசப்பாகப் பருகிய பானத்தைத் தாமும் பருகக் கற்றனர். பின்னர் தம் நாவுக்கேற்பச் சீனியும் கறுவாவும் சேர்த்தனர். கரும்பை ஸ்பெயினுக்குக் கொணர்ந்தோர் அராபியர். அதே கரும்பைக் கரிபியன் தீவுகளிற் பயிரிட்டுச் சீனியை மலிவாக்கியதோ ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துச் செல்லப்பட்டவரின் உழைப்பு. கறுவா இலங்கையினது. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லின் முடியையும் ஸ்பானிய மன்னரே சூடியிருந்தமையால், அறுபது ஆண்டுகள் இத்தீவின் கறுவாப்பட்டை அவர்களின் ஆட்சிக்குட்பட்ட கப்பல்களிலேயே ஐரோப்பா சென்றது. இன்றும் மட்ரிட்டின் கடைகளில் உயர்தரக் கறுவாவுக்கு 'கனேலா தெ செய்லான்', அதாவது இலங்கைக் கறுவா, என்பதே பெயர்.

இப்பானம் பரவியபோது எழுந்த ஐயம் சுவை பற்றியதன்று, சமயம் பற்றியது. விரத நாளிற் சொக்கலேற்றுப் பருகினால் விரதம் முறியுமா என்ற வினாவை ஆராய்வதற்கென்றே அந்தோனியோ தெ லெயோன் பினேலோ என்பார் 1636 ஆம் ஆண்டு மட்ரிட்டில் ஒரு நூலை வெளியிட்டார். உணவு அங்கு எத்துணை தூரம் சமயத்தின் காவலுக்குள் இருந்தது என்பதற்கு இஃது ஒரு சிறு சான்று.

மூன்று முறை கவிழ்க்கப்படும் பானை

ஞாயிறு நண்பகலில், உணவுக்கு முன்னர், மட்ரிட் மக்கள் தவறணைகளில் நின்றபடியே 'வெர்முத்' அருந்துவர். மூலிகைகள் ஊறிய, சற்றே கசப்பும் இனிப்பும் கலந்த செந்நிற வைன் அது. இத்தாலியில் உருப்பெற்றுப் பின்னர் ஸ்பெயினில் நிலைகொண்டது. ஒரு தோடம்பழத் துண்டும் ஓர் ஒலிவக்காயும் அதனுடன் வரும். மது அருந்தாதவர் நாணித் தனித்திருக்க வேண்டியதில்லை. அவர்க்கு 'மோஸ்தோ' என்னும் புளிக்காத முந்திரிகைச் சாறு உண்டு. அதுவும் அதே கிண்ணத்தில், அதே ஒலிவக்காயோடு வரும்.

இதன் பின்னர் வருவது மட்ரிட்டின் தலையாய உணவாகிய 'கொசீதோ'. கொண்டைக் கடலை, மாட்டிறைச்சி, கோழி, எலும்பு, பன்றிக் கொழுப்பு, மிளகாய்ச் செந்தூளிட்ட பன்றித் தொத்திறைச்சி, இரத்தத் தொத்திறைச்சி, உருளைக்கிழங்கு, கரட், கோவா யாவும் மெல்லிய தீயிற் பல மணி நேரம் வேகும். பின்னர் அது மூன்று 'கவிழ்ப்பு'களாகப் பரிமாறப்படும். முதலில், நூலிழை போன்ற மாவிழைகள் இட்ட ரசம். இரண்டாவது, கடலையும் மரக்கறியும். மூன்றாவது, இறைச்சி வகைகள். பனிக்காலத்து நண்பகலில் இதனை உண்டவர் அன்று மாலை வேறெதனையும் நினையார்.

இப்பானையின் மூதாதை யாது? யூதர்கள் தம் ஓய்வு நாளாகிய சனிக்கிழமைக்கென வெள்ளி மாலையே அடுப்பில் ஏற்றிய 'அதஃபீனா' என்னும் பண்டமே அது என உணவு வரலாற்று ஆய்வாளர் பலர் கருதுவர். ஓய்வு நாளிலே தீ மூட்டுதல் யூத சமயத்தில் விலக்கப்பட்டது. ஆகவே கடலையும் ஆட்டிறைச்சியும் இட்ட பானையைத் தணலுள் இரவு முழுவதும் புதைத்து வைப்பர். 'புதைக்கப்பட்டது' என்ற பொருள்தரும் அரபுச் சொல்லிலிருந்தே அப்பெயரும் பிறந்தது. 1492 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆம் நாள் இசபெல்லாவும் பெர்டினாண்டும் ஒப்பமிட்ட ஆணை, யூதர்கள் மதம் மாறவேண்டும் அல்லது நாட்டைவிட்டு நீங்கவேண்டும் என்றது. நீங்கியோர் பானையின் நினைவைச் சுமந்து சென்றனர். மாறியோர் பானையைப் பன்றி இறைச்சியால் நிரப்ப வேண்டியவராயினர். அயலார் மூடியைத் திறந்து பார்க்கும்போது கண்ணிற் படவேண்டியது அதுவே.

இது வெறும் ஊகமன்று. மன்றின் வழக்கேடுகளில், பணிப்பெண்களும் அயலவரும் அளித்த இத்தகைய சாட்சியங்கள் நிறைந்துள்ளன. வெள்ளி மாலையிற் சமைத்துச் சனியன்று ஆறிய உணவை உண்டாள். இறைச்சியின் கொழுப்பை அரிந்து வீசினாள். பன்றி வயிற்றுக்கு ஒவ்வாது என்றாள் என்பன போன்ற குற்றச்சாட்டுகள் அவை. அவ்வேடுகளிலிருந்தே இரகசிய யூதரின் சமையற் குறிப்புகளை மீட்டெடுத்து, டேவிட் கிட்லிட்ஸ், லிண்டா கே டேவிட்சன் ஆகிய இருவரும் 1999 ஆம் ஆண்டு ஒரு நூலாக வெளியிட்டனர். ஒரு மக்களைத் தண்டிக்க எழுதப்பட்ட ஏடு, அம்மக்களின் சமையலுக்கு எஞ்சிய ஏடாகவும் ஆகிவிட்டது.

மட்ரிட்டின் கடைகளில் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கும் 'ஹமோன்' என்னும் உலர்த்திய பன்றித் தொடைகளையும் இந்த ஒளியிலேயே நோக்குதல் வேண்டும். ஓக்கு மரச்சோலைகளிலே விழுந்த கொட்டைகளைத் தின்று வளரும் கரும்பன்றியின் தொடையை உப்பிட்டு, ஆண்டுக் கணக்கிற் காற்றாட விட்டு, கண்ணாடித் தாள்போற் சீவித் தருவர். அதன் சுவை உலகப் புகழ் பெற்றது. ஆயினும் ஒரு காலத்தில், வாயிலில் தொங்கிய தொடை, 'இவ்வீட்டார் பழைய கிறிஸ்தவர்' என்று உரக்கக் கூறிய அறிவிப்பாகவும் பயன்பட்டது.

எண்ணெயின் கதை

மேசையில் உள்ள பண்டங்களுள் மிகப் பெரிய முரண் ஒலிவ எண்ணெயிலே அடங்கியுள்ளது. கத்தோலிக்க மன்னர் காலத்து வரலாறு எழுதிய அந்திரெஸ் பெர்னால்தெஸ் என்ற குரு, யூதர் இறைச்சியைப் பன்றிக் கொழுப்பில் அன்றி எண்ணெயிற் சமைப்பதையும், வெங்காயமும் உள்ளியும் இட்டு வதக்குவதையும், அதனால் எழும் மணத்தையும் இகழ்ந்து எழுதினார். இன்றோ உலகிலே ஒலிவ எண்ணெயை மிகுதியாக உற்பத்தி செய்யும் நாடு ஸ்பெயின். எண்ணெயில் வெங்காயமும் உள்ளியும் வதங்கும் மணம், அந்நாட்டு வீடு ஒவ்வொன்றிலும் நண்பகலில் எழும் மணம். இகழப்பட்டவரின் மணம் நாட்டின் மணமாயிற்று. இகழப்பட்டவர் நாட்டில் இல்லை.

மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஸ்பானிய மொழியில் எண்ணெய் 'அசெய்த்தே', அரிசி 'அரோஸ்', சீனி 'அசூகார்', குங்குமப்பூ 'அசஃப்ரான்', கத்தரிக்காய் 'பெரென்ஹேனா'. இவை யாவும் அரபு வழிவந்த சொற்கள். தோடம்பழத்தைக் குறிக்கும் 'நரான்ஹா' அரபு, பாரசீகம், வடமொழி வழியே பின்னோக்கிச் சென்று, நாரத்தை என்னும் நம் சொல்லோடு உறவுடைய திராவிட மூலத்தை அடைகின்றது என்பர் மொழியியலாளர் பலர். ஒலிவ எண்ணெயிற் பொரித்துத் தேன் வார்த்த கத்தரிக்காய்த் துண்டுகளைக் கேட்டு வாங்கும் மட்ரிட்வாசி, பொருளையும் பெயரையும் சமைக்கும் முறையையும் அராபியரிடமிருந்தே பெற்றவராகின்றார்.

அந்த முஸ்லிம்களின் கதி யாதாயிற்று? 1492 ஆம் ஆண்டு கிரனாடா வீழ்ந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர்கள் கட்டாயமாக ஞானஸ்நானம் பெற்று 'மொரிஸ்கோக்கள்' எனப்பட்டனர். அவர்களின் மாற்றத்தையும் நம்பாத மூன்றாம் பிலிப் மன்னனின் அரசு, 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 300,000 பேரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. நீர்ப்பாசனமும் பழத்தோட்டமும் நெல் வயலும் அறிந்த உழவர் பலர் அவர்களுள் இருந்தனர். அவர்களை ஏற்றிய கப்பல்கள் வட ஆபிரிக்காவுக்குச் சென்றன; அவர்கள் நட்ட மரங்கள் ஸ்பெயினிற் காய்த்துக்கொண்டிருந்தன.

இத்துயரை அக்காலத்திலேயே ஓர் எழுத்தாளர் உணவின் வாயிலாகக் காட்டினார். செர்வாந்தெஸ் எழுதிய 'டொன் கீஹோத்தே'யின் இரண்டாம் பாகம் 1615 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் 54 ஆம் அத்தியாயத்திலே, வெளியேற்றப்பட்ட ரிக்கோத்தே என்னும் மொரிஸ்கோ, யாத்திரிகன் வேடத்தில் திரும்பி வருகின்றான். பழைய அயலவனாகிய சஞ்சோவைக் காண்கின்றான். வழியோரப் புல்லில் எல்லோரும் அமர்ந்து உண்கின்றனர். பாண், உப்பு, கொட்டைகள், பாற்கட்டி, ஒலிவக்காய், இவற்றோடு பன்றித்தொடை எலும்புகளும் வைன் பைகளும் அங்கு பரப்பப்படுகின்றன. இஸ்லாத்திலே விலக்கப்பட்ட இரண்டும் அவ்விருந்தில் உள்ளன. ரிக்கோத்தே உண்மையாகவே மாறியவனா, உயிருக்கு அஞ்சி உண்பவனா என்பதை உணவைக்கொண்டு எவரும் துணிய முடியாது. உணவைச் சாட்சியாக நம்பிய மன்றுகளுக்கு இதைவிடக் கூரிய மறுப்பு இருந்திருக்க முடியாது.

சதுக்கத்தில் ஒரு மன்னன்

மட்ரிட்டின் 'பிளாசா மயோர்' என்னும் பெருஞ்சதுக்கம் 1617 முதல் 1619 வரை அந்த மூன்றாம் பிலிப்பின் ஆட்சியிலேயே எழுப்பப்பட்டது. குதிரைமேல் அமர்ந்த அவனது வெண்கலச் சிலை 1848 முதல் அதன் நடுவிலே நிற்கின்றது. சுற்றியுள்ள சிறு கடைகளில் நகர மக்கள் விரும்பி உண்ணும் பண்டம், வளையமாக அரிந்து மாவிற் புரட்டிப் பொரித்த கணவாயை நீளப் பாணுக்குள் வைத்த 'பொகதீயோ' ஆகும். கடலிலிருந்து இத்துணை தொலைவில் கணவாய் எவ்வாறு அடையாள உணவாயிற்று என்று பலர் வியப்பர். வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் இறைச்சியை விலக்கிய கத்தோலிக்க நகருக்கு மீன் வேண்டியிருந்தது. லெயோன் பகுதியின் கோவேறு கழுதைக்காரர் வடகடலின் மீனை உப்பிட்டும் பதப்படுத்தியும் மலைகளைக் கடந்து சுமந்து வந்தனர். சமய விதியும் சுமைகாரரின் கால்களும் சேர்ந்து ஒரு நகரின் சுவையை உருவாக்கின.

ஈழத்துத் தமிழர் ஒருவர் அச்சதுக்கத்தில் நின்று கணவாய்ப் பாணை உண்பாராயின், சிலையை ஒரு கணம் கூடுதலாக நோக்குதல் தகும். சதுக்கம் கட்டி முடிந்த அதே 1619 ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயப் படையிடம் வீழ்ந்தது. சங்கிலி மன்னன் சிறைபிடிக்கப்பட்டுக் கோவாவிற் கொல்லப்பட்டான். அப்பொழுது போர்த்துக்கல்லின் அரசனாக இருந்தவனும் இக்குதிரையில் அமர்ந்திருக்கும் மூன்றாம் பிலிப்பே. அவன் நல்லூரைக் கண்டவனல்லன். எனினும் அவன் பெயராலேயே அது கைப்பற்றப்பட்டது. அமெரிக்காவிலிருந்து மிளகாயும் கொய்யாவும் அன்னாசியும் நம் சமையலறைக்கு வந்ததும், 'பாண்' என்ற சொல் நம் நாவில் ஏறியதும் அந்தப் போர்த்துக்கேயர் வழியாகத்தான்.

1680 ஆம் ஆண்டு இதே சதுக்கத்தில் சமய விசாரணை மன்றின் பெருந்தண்டனை விழா நடைபெற்றது. பிரான்சிஸ்கோ ரிசி 1683 ஆம் ஆண்டு தீட்டிய அக்காட்சி, நடை தூரத்திலுள்ள பிராடோ ஓவியக்கூடத்தில் இன்றும் தொங்குகின்றது. அங்கு குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டோரிற் பெரும்பாலோர் இரகசியமாக யூத நெறியைப் பேணியவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவரே. இன்று அவ்விடத்தில் மேசைகளும் நிழற்குடைகளும் நிறைந்துள்ளன.

பசியின் பண்டங்கள்

மாலை எட்டு மணிக்குப் பின்னர் நகரம் மீண்டும் தெருவுக்கு வருகின்றது. 'தபா' என்பதற்கு மூடி என்று பொருள். கிண்ணத்தின் மேல் மூடியாக வைக்கப்பட்ட பாண் துண்டிலிருந்தோ தட்டிலிருந்தோ இச்சிற்றுண்டி முறை தோன்றியது என்பர். அதற்கு மன்னர் பலரைச் சார்த்திக் கூறும் கதைகள் கதைகளே. நின்றபடி ஒரு வாய் உண்டு, 'கன்யா' எனப்படும் சிறு கிண்ணத்துப் பியரோ, கோடையில் எலுமிச்சைச் சோடா கலந்த 'திந்தோ தெ வெரானோ'வோ ஒன்று பருகி, அடுத்த கடைக்கு நகர்வர். பழம் அரிந்திட்ட 'சங்கிரீயா'வைச் சுற்றுலாப் பயணிகளே மிகுதியாகக் கேட்பர். தென்பகுதியின் 'ஷெறி' வைன் தன் பெயரை ஹெரேஸ் நகரின் அரபுப் பெயராகிய 'ஷெரீஷ்' என்பதிலிருந்து பெற்றது. வலென்சியாவின் கோரையினக் கிழங்கை அரைத்துப் பிழிந்த 'ஓர்ச்சாத்தா' என்னும் குளிர்ந்த வெண்பானம், கோடையில் எல்லாச் சமயத்தாருக்கும் எல்லா வயதினருக்கும் உரியது.

தபாக்களுள் எளியதும் அரியதும் உருளைக்கிழங்கு முட்டைப் பொரியலாகிய 'தோர்த்தியா' ஆகும். அமெரிக்காவின் அக்கிழங்கை 1573 ஆம் ஆண்டளவிலேயே செவில் நகரின் ஏழைகள் மருத்துவமனை ஒன்று நோயாளருக்கென வாங்கியமைக்குக் கணக்கேட்டுச் சான்று உண்டு. 1817 ஆம் ஆண்டு நவாராப் பகுதி உழவரின் வறுமையை எடுத்துரைத்த முறையீடு ஒன்று, ஐந்தாறு பேருக்கு இரண்டு மூன்று முட்டைகளே உள்ளபோது, பெண்கள் உருளைக்கிழங்கும் பாண் துண்டும் கலந்து அதனைத் தடித்ததாக்கும் திறத்தைக் குறிப்பிடுகின்றது. முட்டையைப் பெருக்கிக் காட்டும் ஏழைத் தாயின் உபாயமே இன்று நாட்டின் பெருமைக்குரிய பண்டம். அதில் வெங்காயம் இடலாமா, ஆகாதா என்ற வாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

அப்பண்டமும் எட்டாக் கனியான காலம் ஒன்று வந்தது. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரின் பின்னர் 1952 வரை ஸ்பானிய மக்கள் கூப்பன் அட்டையில் வாழ்ந்தனர். 1941 ஆம் ஆண்டு இக்னாசி தொமெனெக் என்ற சமையற் கலைஞர் வெளியிட்ட நூலிலே, முட்டையும் உருளைக்கிழங்கும் இல்லாத தோர்த்தியாவுக்குச் செய்முறை உண்டு. தோடம்பழத் தோலின் உட்புற வெண்பகுதியை அரிந்து ஊறவைத்தால் அது கிழங்கு. மாவையும் நீரையும் கரைத்தால் அது முட்டை. இதனை நகைச்சுவையாகப் படிப்போர் பசியை அறியாதவர். கூப்பன் வரிசையில் நின்றவர்க்கு அது வேறு விதமாகப் படும்.

மாட்டின் இரைப்பையைச் செந்தூளோடு வேகவைத்த 'கயோஸ்', கொலைகளத்தில் எஞ்சியதைக்கொண்டு ஏழைகள் ஆக்கிய உணவு. 'கஸ்பாச்சோ' என்னும் குளிர்ந்த ரசம், அந்தலூசியாவின் பெருநிலக்கிழார் வயல்களிலே வெயிலில் உழைத்த கூலியாட்கள் காய்ந்த பாண், உள்ளி, உப்பு, எண்ணெய், வினாகிரி ஆகியவற்றை இடித்து நீர் கலந்து உண்டது. இன்று அதற்குச் செந்நிறம் தரும் தக்காளி பிற்காலத்தில் வந்து சேர்ந்ததாகும்.

மொழியும் தட்டும்

பட்டியல் யாவற்றிலும் முதலிடம் பெறும் 'பயேயா' மட்ரிட்டின் உணவன்று. அது வலென்சியாவின் அல்புஃபேரா நீர்நிலையைச் சூழ்ந்த நெல் வயல்களில், கோழி, முயல், நத்தை, போஞ்சி ஆகியவற்றோடு நண்பகலில் விறகுத் தீயிற் சமைக்கப்பட்ட உழவர் உணவு. 'பயேயா' என்பதே அப்பகுதி மொழியில் சட்டியைக் குறிக்கும் சொல். 1960களில் அந்நியச் செலாவணி வேண்டிச் சுற்றுலாவைப் பெருக்கிய பிராங்கோ ஆட்சிக் காலத்தில், மஞ்சட் சோறு நாடு முழுவதற்கும் பொதுவான அடையாளமாக உலகெங்கும் விளம்பரம் பெற்றது. அதே ஆட்சியிலே கற்றலான், பாஸ்க், கலீசியன் ஆகிய மொழிகளுக்குப் பாடசாலையிலும் அரச அலுவலகத்திலும் இடமில்லை. கலீசியரின் கணவாயினத்துப் பேய்க்கணவாயும், பாஸ்க்கியரின் உப்புக் கருவாடும், கற்றலானியரின் தக்காளி தேய்த்த பாணும் மட்ரிட்டின் மேசைகளில் வரவேற்புப் பெற்றன. அவற்றை ஆக்கியோரின் மொழிகள் வாசலில் நிறுத்தப்பட்டன. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பே அம்மொழிகளுக்கு அவ்வப் பகுதிகளில் உத்தியோக நிலையை அனுமதித்தது.

மட்ரிட்டின் மேசை மீண்டும் மீண்டும் கூறுவது இதுவே. ஒரு மக்களின் உணவை விரும்புதல் எளிது. அம்மக்களை அவர்களாகவே ஏற்றுக்கொள்ளுதல் வேறொரு செயல். முன்னையது பின்னையதற்கு உறுதிமொழியாகாது. யூதரின் பானை எஞ்சியது, யூதர் எஞ்சவில்லை. அராபியரின் நெல்லும் எண்ணெயும் எஞ்சின, உழுதவர் எஞ்சவில்லை. உணவிலே கலந்துவிட்டோம், ஆதலால் உறவிலும் கலந்துவிட்டோம் என்று ஒரு நாடு தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளும்போது, இவ்வரலாறு நினைவுக்கு வரவேண்டும்.

2015 ஆம் ஆண்டு ஸ்பெயின் ஒரு சட்டம் இயற்றி, 1492 இல் வெளியேற்றப்பட்ட யூதரின் வழித்தோன்றல்கள் குடியுரிமை கோர வழி திறந்தது. விண்ணப்பக் காலம் 2019 இல் முடிவுற்றது. மொரிஸ்கோக்களின் வழித்தோன்றல்களுக்கு அத்தகைய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. ஐந்நூறு ஆண்டுகளின் பின்னரும் ஒரு கதவு சற்றுத் திறந்தது, மற்றையது திறக்கவில்லை.

பிளாசா மயோரிலிருந்து தெற்கே சிறிது தூரம் இறங்கி நடந்தால் 'லவப்பியெஸ்' என்னும் பகுதி வருகின்றது. வங்காளதேசத்தவரும் செனகல் நாட்டவரும் மொரோக்கோவினரும் நெருங்கி வாழும் இடம் அது. மீன் குழம்பின் மணமும் புதினாத் தேநீரின் மணமும் கலந்து வீசும் அத்தெருக்களுக்கு, மாலை வேளைகளில் நகரத்து இளைஞர் விரும்பி உண்ண வருகின்றனர். அதே நகரத்தின் பெருந்தெருக்களில், துணியை விரித்துப் பொருள் விற்கும் ஆபிரிக்க இளைஞர் காவலரைக் கண்டதும் அதனைச் சுருட்டிக்கொண்டு ஓடுதல் எவரும் அறிந்த காட்சி. மொரோக்கோவின் சில குடும்பங்கள், நானூறு ஆண்டுகளின் முன் இதே நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் வழிவந்தவை என்பதும் நினைக்கத்தக்கது.

ஸ்பானியரிடம் 'சோப்ரெமேசா' என்றொரு சொல் உண்டு. உணவு முடிந்தபின் தட்டுகள் அகன்ற மேசையிலேயே நெடுநேரம் அமர்ந்து உரையாடுதலை அது குறிக்கும். கோப்பிக் கிண்ணம் வெறுமையாகிய பின்னரும் எவரும் எழும்படி கூறார். கேட்டாலன்றிக் கணக்குச் சீட்டும் வராது. கற்றுக்கொள்ளத்தக்க நல்ல பண்பு அது. அந்த நீண்ட உரையாடலில், இன்று உண்ட பானையை முதலில் ஏற்றியவர் யார் என்ற பேச்சும் எழவேண்டும். இப்பொழுது அடுக்களையிற் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர் எந்த நாட்டவர், அவர்க்கு இம்மேசையில் அமர இடமுண்டா என்ற பேச்சும் அதனை அடுத்து எழவேண்டும்.